கலாத்தியாவின் இலை விளிம்பு கருகுகிறது: ஈரப்பதம் 65 சதவீதம் இருந்தும் ஏன்?

தளிர்க்கரை:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக்குள் நான் வளர்க்கும் கலாத்தியா ஆர்பிஃபோலியா என்ற இலையழகுச் செடியைப் பற்றி இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். செடி கிழக்குச் சன்னலிலிருந்து சற்றுத் தள்ளி, மெல்லிய திரைக்குப் பின்னால் இருக்கிறது. நேரடி வெயில் அதன்மேல் படுவதில்லை. அறை வெப்பநிலை பெரும்பாலும் 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். அருகில் காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் ஓடுகிறது. செடிக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் ஈரப்பதமானி 65 சதவீதம் காட்டுகிறது.

இவ்வளவு இருந்தும் இலைகளின் விளிம்பு கருகுவது நிற்கவில்லை. வயதான இலைகள் கருகினால் பொறுத்துக்கொள்ளலாம். விரிந்து சில வாரங்களே ஆன இலைகளிலும் நுனியிலிருந்து தொடங்கி, விளிம்பை ஒட்டி ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டுக்கு உட்புறம் மெல்லிய மஞ்சள் பட்டை தெரிகிறது. கடைசியாக வந்த குருத்து பாதி விரிந்து, அதற்குமேல் பிரியாமல் சுருளாகவே நின்றுவிட்டது. ஈரப்பதத்தை இன்னும் உயர்த்த வேண்டுமா, அல்லது நான் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா என்று சொல்லுங்கள்.

பசுங்கூடம்:

என் கருத்தில் 65 போதாது. கலாத்தியா இனங்கள் வெப்பமண்டல அமெரிக்காவின் மழைக்காடுகளில், பெரிய மரங்களின் நிழலில், தரையை ஒட்டி வளர்பவை. அங்கே காற்று எப்போதும் நீராவியால் நிறைந்திருக்கும். அந்த இலை மெல்லியதாகவும் அகலமாகவும் அமைந்ததற்குக் காரணமே குறைந்த ஒளியும் நிறைந்த ஈரமும்தான். கற்றாழைக்கோ ரப்பர் செடிக்கோ இருக்கும் தடித்த மெழுகுப் பூச்சு இதற்குக் கிடையாது. அப்படிப்பட்ட இலையைக் கொண்டுவந்து நாம் வாழும் அறையில் வைத்துவிட்டு, அது தானாகப் பழகிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

என்னுடைய செடிகள் கதவு வைத்த கண்ணாடி அலமாரிக்குள் இருக்கின்றன. உள்ளே ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது அரிது. விளிம்புக் கருகலை அங்கே நான் காண்பதே இல்லை. இது புதிய வழியும் அல்ல. இலண்டனில் மருத்துவராக இருந்த நத்தானியேல் பாக்ஷா வார்டு, 1829இல் மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு பெரணி தானாக முளைத்து நலமாக வளர்வதைக் கவனித்தார். புகை மண்டிய அந்த நகரத்தில் திறந்த வெளியில் வைத்த பெரணிகள் அவருக்கு மடிந்துகொண்டிருந்தன. 1833இல் அதே முறையில் கண்ணாடிப் பெட்டிகளில் செடிகளை வைத்துக் கப்பலில் சிட்னி வரை அனுப்பினார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. மாதக்கணக்கான கடல் பயணத்தையே தாங்க வைத்த முறை, ஒரு வீட்டு அறையைத் தாங்க வைக்காதா? செடியைக் கண்ணாடிக்குள் கொண்டுபோங்கள் என்பதே என் யோசனை.

வேரடி:

பசுங்கூடம் அவர்களின் அலமாரிச் செடிகளைப் படத்தில் பார்த்திருக்கிறேன். அவற்றில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு முதல் விடை கண்ணாடி அலமாரி என்பதை நான் ஏற்கவில்லை.

இலை விளிம்பு கருகுவது என்பது வரவு குறைந்து செலவு மிகுந்த கணக்கு. காற்று இலையிலிருந்து நீரை இழுக்கிறது. வேர் அந்த இழப்பை ஈடு செய்கிறது. ஈடு செய்ய முடியாதபோது, நீர் கடைசியாகச் சென்று சேரும் இடமாகிய நுனியும் விளிம்பும் முதலில் காய்கின்றன. கலாத்தியா என்றாலே எல்லோரும் செலவை மட்டும் குறைக்கப் பார்க்கிறார்கள். வேர் எந்த நிலையில் இருக்கிறது, அதற்கு என்ன நீர் கிடைக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. 65 சதவீதம் உண்மையாகவே இருந்தால், நலமான வேரும் நல்ல நீரும் உள்ள ஆர்பிஃபோலியா அந்தக் காற்றில் பெரிய குறையின்றி வளரும். 50 முதல் 60 சதவீதத்துக்குள் இந்த இனத்தை நன்றாக வளர்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள்.

இன்னொன்று. வெறும் வறட்சியால் காயும் விளிம்பு பெரும்பாலும் மொறுமொறுவென்று, பச்சையிலிருந்து நேரே பழுப்புக்கு மாறும். உட்புறம் மஞ்சள் பட்டை இருப்பதாக நீங்கள் சொல்வது உப்பையோ வேர்க்கோளாறையோ நினைக்க வைக்கிறது. அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது என்பதால் சில கேள்விகள். என்ன நீர் ஊற்றுகிறீர்கள்? எதைப் பார்த்து ஊற்றுகிறீர்கள், கிழமை பார்த்தா, மண்ணைத் தொட்டுப் பார்த்தா? வாங்கி வந்த மண்கலவையிலேயே செடி இருக்கிறதா? தொட்டியின் உள்விளிம்பிலோ மண்ணின் மேற்பரப்பிலோ வெண்மையான படிவு இருக்கிறதா?

நீர்மானி:

அதற்கும் முன்னால், அந்த 65 உண்மைதானா என்று பாருங்கள். சிறிய மின்னணு ஈரப்பதமானிகள் ஐந்து, ஏழு சதவீதம் பிழையாகக் காட்டுவது சாதாரணம். சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு புட்டி மூடியில் சாதாரண உப்பை நிரப்பி, சில துளி நீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு முழுவதும் கரைந்துவிடக்கூடாது. அந்த மூடியையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத பெட்டிக்குள் வைத்து, வெப்பநிலை அதிகம் மாறாத இடத்தில் ஒரு நாள் விட்டுவிடுங்கள். நிறைசெறிவு உப்புக் கரைசலின் மேலுள்ள காற்று அறை வெப்பநிலையில் 75 சதவீத ஈரப்பதத்தில் நிலைபெறும். கருவி 75 காட்டினால் சரி. வேறு எண் காட்டினால் அந்த வேறுபாட்டை இனி ஒவ்வொரு முறையும் கூட்டியோ கழித்தோ கொள்ளுங்கள்.

கருவி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். ஹியூமிடிஃபையரின் ஆவி நேராக அதன்மேல் படும்படி வைத்தால் அது ஆவியைத்தான் அளக்கும், அறையை அளக்காது. ஆவி வரும் பாதையிலிருந்து விலக்கி, இலைகளின் உயரத்தில் வையுங்கள்.

வெப்பநிலையைச் சேர்க்காமல் ஈரப்பதத்தின் சதவீதத்தை மட்டும் பேசுவதில் பொருளில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கனமீட்டர் காற்று 20 டிகிரியில் ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் ஏறத்தாழ 30 கிராம் தாங்கும். இரண்டிலும் ஈரப்பதமானி 50 சதவீதமே காட்டினாலும், முதல் காற்றில் இன்னும் எட்டரை கிராமுக்குத்தான் இடம். இரண்டாவதில் 15 கிராமுக்கு இடம். இலையிடமிருந்து நீரைப் பறிக்கும் வேட்கை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. ஆகவே ‘எத்தனை சதவீதம்’ என்று கேட்பவர்களிடம் ‘எத்தனை டிகிரியில்’ என்று திருப்பிக் கேட்பது என் வழக்கம். உங்கள் அறை 24 டிகிரியை ஒட்டி நிற்பது நல்லது. அதை 28, 29 வரை ஏற விடாமல் பார்த்துக்கொண்டாலே ஈரப்பதத்தை ஓரளவு உயர்த்தியதற்குச் சமம்.

தளிர்க்கரை:

விரிவாக எழுதியமைக்கு நன்றி. உப்புச் சோதனையைச் செய்தேன். கருவி 82 காட்டியது. அதாவது நான் 65 என்று எண்ணியிருந்தது உண்மையில் 58ஐ ஒட்டியது.

வேரடி அவர்களின் கேள்விகளுக்கு: ஊற்றுவது குழாய் நீர்; அது கடின நீர், கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படலம் பிடிக்கும். முதல்நாள் பிடித்து வைத்து மறுநாள்தான் ஊற்றுகிறேன். மண்ணின் மேல்பகுதி உலர்ந்ததும் ஊற்றுவேன். மண்கலவையை மாற்றவில்லை, வாங்கும்போது இருந்த கருமையான, நுண்ணிய கலவைதான். தொட்டியின் உள்விளிம்பில், மண் தொடும் இடத்துக்குச் சற்று மேலே, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும் வெண்படிவு வளையமாக இருக்கிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் அதை உற்றுப் பார்த்தேன்.

வேரடி:

அந்த வளையம் பல கதைகளைச் சொல்கிறது. தொட்டியின் ஓரத்தில் நீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த சுண்ணமும் மற்ற உப்புகளும் பின்தங்கிவிடுகின்றன. அதே காரியம் இலை விளிம்பிலும் நடக்கிறது. வேர் உறிஞ்சும் நீரோடு உப்பும் மேலே போகிறது. நீர் இலைத்துளைகள் வழியே வெளியேறுகிறது, உப்பு வெளியேற முடியாமல் ஓட்டத்தின் கடைசி எல்லையில் குவிகிறது. இந்தக் குடும்பச் செடிகளில் சில காலைகளில் இலை நுனியில் நீர்த்துளி தொங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்; விளிம்பிலுள்ள நுண்துளைகள் வழியே செடி வெளித்தள்ளும் நீர் அது. அந்தத் துளி அங்கேயே உலர்ந்தால் அதிலிருந்த உப்பும் அங்கேயே தங்கும்.

நீரை ஒரு நாள் பிடித்து வைப்பதால் அதில் கரைந்துள்ள குளோரின் வாயு பெரும்பாலும் வெளியேறும். ஆனால் பல ஊர்களில் குளோரினுக்குப் பதிலாக, குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் சேர்க்கிறார்கள். அது வைத்திருப்பதால் போகாது. சுண்ணமும் போகாது, ஃபுளோரைடும் போகாது. கொதிக்கவைத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி படிந்துவிடும். ஃபுளோரைடோ நீர் வற்றும் அளவுக்கு ஏற்பச் செறிவுதான் கூடும். கலாத்தியாவும் அதன் உறவுச் செடியான மராண்டாவும் ஃபுளோரைடைத் தாங்காத செடிகளின் வரிசையில், டிரசீனா, குளோரோஃபைட்டம் ஆகிய வீட்டுச் செடிகளோடு சேர்த்து வைத்துப் பேசப்படுபவை. மிகக் குறைந்த அளவும் நாளடைவில் விளிம்பில் சேர்ந்து அந்தத் திசுவைக் கொன்றுவிடும்.

எனவே மழைநீர் அல்லது ஆர்.ஓ. நீர் (நுண்சவ்வில் வடிகட்டி உப்பு நீக்கிய நீர்) ஊற்றுங்கள். மழைநீர் கிடைத்தால் அதற்கு நிகரில்லை. கூரையில் முதல் சில நிமிடங்கள் ஓடும் அழுக்கு நீரை விட்டுவிட்டுப் பிடியுங்கள். வீட்டில் உப்பைக் கொண்டு நீரை மென்மையாக்கும் கருவி இருந்தால் அந்த நீரை இந்தச் செடிக்கு ஊற்றவே வேண்டாம். கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைப்பதுதான் அதன் வேலை.

பசுங்கூடம்:

ஓர் ஐயம். நானும் குழாய் நீரைத்தான் ஊற்றுகிறேன். அதுவும் கடின நீர்தான். விளிம்பு கருகவில்லையே? நீர்தான் காரணம் என்றால் என் அலமாரிச் செடிகள் அனைத்தும் கருகியிருக்க வேண்டும். அதனால்தான் காற்றே முதன்மை என்று சொல்கிறேன்.

நீர்மானி:

இது நல்ல கேள்வி. விடை இரண்டு கருத்துகளையும் இணைக்கிறது. அலமாரிக்குள் 80 சதவீதத்தில் காற்று இலையிலிருந்து இழுக்கும் நீர் மிகக் குறைவு. நீர் குறைவாக ஏறினால் அதோடு ஏறும் உப்பும் குறைவு. செடி குடிப்பதே கொஞ்சம் என்பதால் நீங்கள் ஊற்றுவதும் கொஞ்சம். ஆகவே அதே நீரில் உங்கள் இலை விளிம்பில் உப்பு சேரும் வேகம், திறந்த அறையில் சேரும் வேகத்தைவிட மிகவும் குறைகிறது. திறந்த அறையில் அதே உப்பு விரைவாகச் சேர்கிறது. வறண்ட காற்றும் கெட்ட நீரும் தனித்தனிக் குற்றவாளிகள் அல்ல. ஒன்று மற்றதைப் பெருக்குகிறது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. காற்றை மாற்ற முடியாதவர் நீரை மாற்றலாம். நீரை மாற்ற முடியாதவர் காற்றை மாற்றலாம். இரண்டில் எது உங்கள் வீட்டில் எளிதோ அதைத் தொடங்குங்கள். திறந்த அறையின் காற்றை மாற்றுவது பலர் எண்ணுவதைவிடக் கடினம் என்பதால் ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையில் 36 கனமீட்டர் காற்று இருக்கிறது. 25 டிகிரியில் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதத்தை 40 சதவீதத்திலிருந்து 60க்கு உயர்த்த அறை முழுவதற்கும் ஏறத்தாழ 165 கிராம் நீர் ஆவியாக வேண்டும். அதோடு முடிந்தால் நல்லது. ஆனால் கதவிடுக்கிலும் சன்னலிலும் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் அறைக் காற்று ஒருமுறை மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 165 கிராம் வீதம், ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் நீரை ஆவியாக்கினால்தான் 60 நிலைக்கும். இதைத் தெளிப்பானால் இலைமேல் சில முறை அடிக்கும் நீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தெளித்த நீர் உலரும்வரை, அதாவது சில நிமிடங்கள், இலையைச் சுற்றி ஈரம் இருக்கும். பிறகு பழைய நிலைதான். கூழாங்கல் பரப்பிய தட்டில் நீர் வைப்பதும் தொட்டிக்கு மிக அருகில் சில சதவீதம் உயர்த்துவதோடு சரி. செடிகளை நெருக்கமாக வைப்பது இவற்றைவிட மேல். ஒன்று வெளிவிடும் ஈரம் மற்றதைச் சூழ்ந்து நிற்கும். உண்மையான மாற்றம் வேண்டுமானால் ஹியூமிடிஃபையர், அல்லது காற்று மாறாத சிறிய கண்ணாடி இடம்.

குளிர்சாதனக் கருவியைப் பற்றியும் ஒரு சொல். அதன் குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து குழாய் வழியே வெளியேறுகிறது. எனவே அது ஓடும் அறையில் ஈரப்பதம் இறங்குவது இயற்கை. அறையைச் சூடாக்கும் கருவியோ ஈரத்தை வெளியேற்றுவதில்லை. ஆனால் வெளியே 10 டிகிரியில் 80 சதவீதம் ஈரமுள்ள காற்றை உள்ளே கொண்டுவந்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 40 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். இரண்டு கருவிகளின் காற்றும் நேராக இலைமேல் வீசாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே நேரம், செடிக்காக வீடு முழுவதையும் 75, 80க்கு உயர்த்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். சுவரின் குளிர்ந்த மூலைகளில் பூஞ்சை படியும்; துணியிலும் மெத்தையிலும் தூசிப்பூச்சி பெருகும்; வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் செடியைவிட அவர் முக்கியம். மனிதர்கள் வாழும் அறைக்கு 60ஐ எல்லையாக வைத்துக்கொண்டு, அதற்குமேல் விரும்பும் செடியைக் கண்ணாடிக்குள் வைப்பதே சரி.

வெண்ணரம்பு:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். விரியாமல் நின்ற குருத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கலாத்தியாவின் புதிய இலை சுருட்டிய தாளாக வந்து, உள்ளே நீர் அழுத்தம் ஏறுவதால்தான் பிரிகிறது. அந்தச் சில நாட்களில் வேர் போதிய நீர் தரவில்லை என்றாலோ காற்று மிகவும் வறண்டிருந்தாலோ மடிப்பு ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கையால் பிரிக்காதீர்கள், கட்டாயம் கிழியும். ஈரப் பஞ்சினால் மடிப்பின் வெளிப்பக்கத்தை நனைத்து, செடியின்மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகக் கவிழ்த்து ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள்.

ஆனால் அதற்கு முன் இலைகளின் அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குருத்து சிக்குவதற்குச் சாறு உறிஞ்சும் பூச்சிகளும் காரணமாகலாம். சிவப்புச் சிலந்திப்பேன் அரை மில்லிமீட்டருக்கும் சிறியது; வெறும் கண்ணுக்குத் தூசியாகத் தெரியும். இலைக்குக் கீழே வெள்ளைத்தாளைப் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால், அல்லது விரலால் தேய்த்ததும் பழுப்புக் கோடாக இழுபட்டால், அது பேன். நடுநரம்பும் கிளை நரம்பும் சேரும் மூலையில்தான் மெல்லிய நூலாம்படையை முதலில் காணலாம். அறை 27, 30 டிகிரியில் வறண்டிருந்தால் முட்டையிலிருந்து முதிர்ந்த பேனாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் போதும் என்பதால் தாமதிக்கக்கூடாது. அது எட்டுக்கால் உயிர், பூச்சியினம் அல்ல. பூச்சிகளுக்கென்று விற்கும் மருந்துகளில் பல அதை ஒன்றும் செய்யாது.

இருந்தால், செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கத்தை மெல்லிய நீர்ப் பீச்சலால் கழுவுங்கள். பிறகு செடிகளுக்கென்று உள்ள சோப்புக் கரைசலை ஓர் இலையில் சோதித்துவிட்டு முழுவதும் தெளியுங்கள். அது மேலே படும் பேனை மட்டுமே கொல்லும். முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே ஐந்தாறு நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்வதுதான் வைத்தியம்.

தளிர்க்கரை:

வெள்ளைத்தாள் சோதனையைச் செய்தேன். நகரும் தூசி எதுவும் இல்லை. அடிப்பக்கத்து நிறம் ஒரே சீராக இருக்கிறது. ஆகவே பூச்சியை ஒதுக்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

பிறகு வேரைப் பார்த்தேன். தொட்டியைச் சாய்த்து மெல்ல இழுத்ததும் மண்கட்டி முழுதாக வந்துவிட்டது. வெளிச்சுற்றில் வெளிர்நிற வேர்களும், நீர் சேமிக்கும் சிறு கிழங்கு போன்ற தடிப்புகளும் இருந்தன. அவை உறுதியாகவே இருந்தன. மேல் இரண்டு அங்குலம் உலர்ந்து கிடந்தது. நடுப்பகுதியை விரலால் விலக்கிப் பார்த்தால், அங்கே கலவை களியாக இறுகி, ஈரம் கோத்து இருந்தது; அதற்குள் இருந்த வேர்களில் பல, இழுத்தால் மேல்தோல் உறையாகக் கழன்று உள்ளே நார் மட்டும் மிஞ்சும் நிலையில் இருந்தன. மண்ணில் சற்றுப் புளித்த வாடை. இனி என்ன செய்வது?

வேரடி:

விடை கிடைத்துவிட்டது. மேல் மண் உலர்ந்ததைப் பார்த்து நீங்கள் ஊற்றினீர்கள். அது பெரும்பாலான கையேடுகள் சொல்வதுதான். கலவை நுண்ணியதாக இருக்கும்போது மேற்பரப்பு உலர்ந்திருக்கும், நடுப்பகுதி சேறாகவே இருக்கும். ஆக்சிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. இடைவெளிகள் எல்லாம் நீரால் நிறைந்த கலவையில் வேர் மூச்சு முட்டிச் சாகிறது. செத்த வேர் நீர் தராது. மண்ணில் நீர் நிறைந்திருக்க, இலை தாகத்தில் காய்வது இப்படித்தான். இதைக் காற்றின் குறையாக எண்ணி ஹியூமிடிஃபையரை ஏற்றுபவர்களை இந்த மன்றத்தில் மாதந்தோறும் பார்க்கிறேன். அதனால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

கழன்ற வேர்களைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். உறுதியான கிழங்குகளைத் தொடாதீர்கள். நடுவில் இறுகியதை அறை வெப்பமுள்ள நல்ல நீரில் ஊறவைத்துக் கரைத்தெடுங்கள். பிடுங்கி எடுக்க வேண்டாம். புதிய கலவைக்கு நான் கழுவிய கோகோபீட் (தென்னை நார்த்தூள்) இரண்டு பங்கு, பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல்) ஒரு பங்கு, சிறு துண்டுகளாக உள்ள மரப்பட்டை ஒரு பங்கு என்று சேர்ப்பேன். கோகோபீட்டைக் கழுவுவது விருப்பத்துக்கு விட்ட செயல் அல்ல. தென்னை நாரில் இயற்கையாகவே பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் இருக்கும், சரியாகக் கழுவாமல் விற்கப்படும் கட்டிகளும் உண்டு. உப்பிலிருந்து காப்பாற்ற வந்து உப்பிலேயே நடுவதாகிவிடும். சூப்பர் பாஸ்பேட் கலந்த ஆயத்தக் கலவைகளைத் தவிருங்கள். அந்த உரத்தில் ஃபுளோரைடு இருக்கிறது.

தொட்டி முன்பைவிடப் பெரிதாக வேண்டாம். வேர் குறைந்த செடிக்குப் பெரிய தொட்டி கொடுத்தால் குடிக்க ஆளில்லாத நீர் அங்கேயே நிற்கும். அடியில் துளை கட்டாயம். அடியில் சல்லி பரப்பினால் வடிகால் கூடும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். நுண்ணிய கலவைக்கும் சல்லிக்கும் இடையில் நீர் தயங்கி நிற்பதால், ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு இன்னும் அருகில் வருகிறது.

வெண்ணரம்பு:

வேர் வெட்டிய செடிக்கு அடுத்த சில வாரங்கள் காற்றில் ஈரம் கூடுதலாக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கேதான் பசுங்கூடம் அவர்களின் யோசனை பொருந்துகிறது. ஒளிபுகும் பெரிய பெட்டிக்குள்ளோ உறைக்குள்ளோ வைத்து, நாள்தோறும் சிறிது நேரம் திறந்து காற்று மாற விடுங்கள். புதிய வேர் பிடித்த அடையாளமாக ஒரு குருத்து வந்த பிறகு, திறந்திருக்கும் நேரத்தைப் படிப்படியாக நீட்டி வெளியே கொண்டுவாருங்கள். ஒரே நாளில் வெளியே எடுத்தால், ஈரக் காற்றில் உருவான இலை வெளிக்காற்றைத் தாங்காது.

பசுங்கூடம்:

இதை முழு மனத்தோடு ஏற்கிறேன். அலமாரி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல்: உள்ளே சிறு மின்விசிறி ஒன்று மெதுவாக ஓடட்டும். காற்று அசையாமல், இலைமேல் நீர் படிந்தே நின்றால் கரும்புள்ளிகள் தோன்றும். ஈரம் வேண்டும் என்பதற்கும் இலை நனைந்தே இருக்க வேண்டும் என்பதற்கும் வேறுபாடு உண்டு.

தளிர்க்கரை:

நீங்கள் சொன்னபடி செய்து சில மாதங்கள் ஆகின்றன. பின்தொடர்பவர்களுக்குப் பயன்படும் என்று நிலவரத்தை எழுதுகிறேன். முதல் மாதத்தில் இரண்டு பழைய இலைகள் மஞ்சளித்து விழுந்தன. அதன்பின் வந்த குருத்துகள் முழுதாக விரிந்தன. செடி இப்போது உறைக்கு வெளியே, 55 முதல் 60 சதவீதத்துக்குள், மழைநீரிலும் ஆர்.ஓ. நீரிலும் வளர்கிறது. விரலை இரண்டாம் கணு வரை நுழைத்துப் பார்த்தும் தொட்டியைத் தூக்கி எடை பார்த்தும் ஊற்றுகிறேன். புதிய இலைகளில் விளிம்பு தூய்மையாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் நுனியில் கடுகளவு பழுப்பு. பழைய இலைகளின் கருகல் அப்படியே இருக்கிறது. அவற்றை வெட்டலாமா? உரம் எப்போது தொடங்கலாம்?

வேரடி:

கருகிய திசு மீண்டும் பசுமையாகாது. பாதிக்குமேல் பச்சை உள்ள இலை செடிக்கு உணவு செய்துகொண்டிருக்கிறது. அதை முழுவதும் நீக்காதீர்கள். கண்ணுக்கு உறுத்தினால், இலையின் வளைவை ஒட்டி வெட்டி, ஒரு மயிரிழை அளவு பழுப்பை விட்டுவையுங்கள். பச்சையில் கத்தரி பட்டால் வெட்டிய இடம் மீண்டும் காயும்.

உரத்தை இப்போது தொடங்கலாம், ஏனெனில் குருத்து வருகிறது. ஆர்.ஓ. நீரிலும் மழைநீரிலும் கால்சியமும் மக்னீசியமும் ஏறத்தாழ இல்லை. ஆகவே அவை இரண்டும் உள்ள திரவ உரமாகப் பார்த்து, புட்டியில் சொன்ன அளவில் கால் பங்கு மட்டும் கலந்து, வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை கொடுங்கள். வளர்ச்சி நின்ற மாதங்களில் வேண்டாம். இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே முழுவதும் வடியவிடுங்கள். சேர்ந்த உப்பு அதோடு போய்விடும். வடிந்த நீர் தட்டில் நிற்கக்கூடாது, கொட்டிவிடுங்கள்.

நீர்மானி:

ஒரு சேர்க்கை. ஹியூமிடிஃபையர் மீயொலி வகை என்றால் அதிலும் அந்த ஆர்.ஓ. நீரையே ஊற்றுங்கள். அவ்வகைக் கருவி நீரை நுண்துளிகளாக்கி அப்படியே வீசுகிறது. கடின நீரிலுள்ள சுண்ணமும் அதோடு பறந்து இலைமேல் வெள்ளைத் தூசியாகப் படியும், நாமும் அதை மூச்சில் இழுப்போம். படிந்திருந்தால் ஈரத்துணியால் இலையின் அடியில் ஒரு கையைத் தாங்கிக்கொண்டு துடைத்துவிடுங்கள். எண்ணெயும் இலைப் பளபளப்பு மருந்தும் வேண்டாம். கருவியின் தொட்டியிலுள்ள நீரை நாள்தோறும் மாற்றி, வாரம் ஒருமுறை கருவியைக் கழுவி உலர்த்துவதையும் தவறவிடாதீர்கள்.